மைக் செட் காந்தமும் பென்னாகரத்து பிளாப்பியும்

கிர்ர்ர்... டக்... டக்... கிர்ர்ர்.

பிளாப்பியைப் படிக்க முடியாமல் பழைய டிரைவ் திணறுகிற சத்தம் இது.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அங்கேதான் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இருந்த கம்ப்யூட்டர் எல்லாம் பெங்களூரில் ஏலத்தில் எடுத்தவை. ஹார்ட் டிஸ்க் கிடையாது. அப்பளம் மாதிரி பெரிய பிளாப்பியைச் செருகினால்தான் உயிர் வரும்.

திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பரீட்சை. சனிக்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தால், டைப் அடிக்கிற சாப்ட்வேர் இருந்த பிளாப்பியில் பூஞ்சை!

தருமபுரியில் தெரிந்த சென்டர் ஒன்றில் புது மாடல் டிரைவ் இருந்தது. பஸ் ஏறிப் போய், எங்களிடம் இருந்த பழைய பிளாப்பி ஒன்றில் காப்பி எடுத்தேன். அங்கே ஜோராகப் படித்தது. பென்னாகரம் வந்ததும்... கிர்ர்ர்.

மறுபடியும் போய் வந்தேன். மறுபடியும் கிர்ர்ர்.

ஓனர் முகம் சுண்டிவிட்டது. "ஏம்மா, ஆம்பளப் பையனா ஒருத்தன வெச்சுக்கங்கன்னு எங்க வூட்ல அப்பவே சொன்னாங்க. திங்கக்கெழம ஓடலன்னா நான் வேற ஆள பாத்துக்கறேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

சாயந்திரம் இண்டூருக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் இதே யோசனை. முன்பு புத்தம்புது பிளாப்பியில் எழுதி வந்தபோதெல்லாம் எங்கள் மெஷின் படித்தது; இப்போது புதுசு வேண்டுமென்றால் பெங்களூரிலிருந்துதான் வர வேண்டும். பழசில் எழுதினால்தான் அடம் பிடிக்கும். ஏன்?

புது டிரைவ் மெல்லிசாக எழுதும்... எங்கள் கிழட்டு டிரைவ் அகலமாகப் படிக்கும். நேற்றுப் போட்ட கோலத்தை அழிக்காமல், அதன் மேலேயே மெல்லிசாக இன்னொரு கோலம் போட்டால் இரண்டு பக்கமும் பழசு எட்டிப் பார்க்குமே... அதேதான்! முதலில் பழசைச் சுத்தமாக அழிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பென்னாகரத்தில் மைக் செட் கடை அண்ணனிடம் போய் நின்றேன். "அண்ணா, பெரிய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ணு குடுங்க."

விஷயம் கேள்விப்பட்டு ஓனர் ஓடி வந்தார். "காந்தமா? ஏம்மா, உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சு பிளாப்பி செத்துப் போயிரும்மா!"

"சாவட்டும் சார். செத்தாத்தான் பொழைக்கும்."

கடை அண்ணன் சிரித்துவிட்டார். "கெடா வெட்டுக்கும் காதுகுத்துக்கும்தான் நம்ம கடைக்கு வருவாங்க. இது புதுசா இருக்குதுங்க."

இரண்டு பக்கமும் காந்தத்தை நன்றாகத் தேய்த்தேன். தருமபுரி போய், புதிதாக பார்மட் செய்து, காப்பி எடுத்து, மத்தியானத்துக்குள் திரும்பினேன். பிளாப்பியைச் செருகினேன்.

கிர்ர்... அவ்வளவுதான். பச்சை எழுத்தில் மெனு வந்து நின்றது!

நான் போட்ட கூச்சலில் கீழே டீக்கடையில் இருந்தவர்கள் மாடிக்கு ஓடி வந்துவிட்டார்கள். மைக் செட் அண்ணனும்தான்.

ஓனர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்கிரீனையே பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து சென்டர் சாவியை எடுத்து நீட்டினார்.

"மேடம், நாளைக்கு நீங்களே வந்து தொறந்துருங்க. பரீட்சையும் நீங்களே நடத்திருங்க."

அதுவரைக்கும் எல்லோருக்கும் நான் வெறும் 'ஏம்மா'தான்.

இப்போது ஓசூரில் பெரிய ஆபீஸ். கண்ணை மூடித் திறப்பதற்குள் எந்த சாப்ட்வேரும் இறங்கிவிடுகிறது. யாரும் கத்துவதில்லை. கத்த என்ன இருக்கிறது? நேற்றுச் சேர்ந்த பையன்கூட என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். அங்கே அதுதான் வழக்கம், எனக்கும் பழகிவிட்டது.

வெளியே போனால் மேடம் என்று கூப்பிட எத்தனையோ பேர் இருக்கிறார்கள்... ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்ன மாதிரி இன்னும் ஒருத்தரும் சொல்லவில்லை.