விகாரையில் நிரப்பிய வினாக்கொத்து

ஆய்வுக்கூடத்துப் பேராசிரியை படிவக் கட்டை மேசையில் போட்டார். "இவையள் எல்லாரும் ஞானிகளோ?" என்று கேட்டார். எல்லாப் படிவத்திலும் ஒரே பதில்: என் மனம் சிதறுவதே இல்லை. "இன்னொருக்கா இப்படி வந்தால் திட்டத்தை நிப்பாட்டுவன்." திட்டத்துக்குப் பொறுப்பான ஹோவாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், இனி ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

1. அவளுக்குக் கிடைத்தது

பிரெஞ்சு பேசும் ஒரு நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதி ஆய்வுக்கூடம் ஒன்றில், வேலைகளை ஒருங்கிணைக்கும் கோஓர்டினேட்டராக இருந்தேன். ஒருவர் தான் செய்யும் காரியத்தில் எவ்வளவு கவனமாக இருக்கிறார் என்று அளப்பதற்கு மைண்ட்ஃபுல்னஸ் வினாக்கொத்து ஒன்று உண்டு. அதைத் தமிழுக்குக் கொண்டுவருவோம் என்று மூன்று வருடம் கேட்டேன். பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஹோவா வந்து ஐந்தாவது மாதமே வியட்நாமிய மொழிக்கு அனுமதி கிடைத்தது. பொறுப்பும் அவளுக்குத்தான். இங்கே பிறந்தவள், பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் ஒரு மின்னஞ்சலை மூன்று தடவை அழித்து எழுதுகிறவள். வயிறு எரிந்தது.

ஒருவர் பிரெஞ்சு மூலத்தை வியட்நாமிய மொழிக்கு மாற்றுவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்பப் பிரெஞ்சுக்குக் கொண்டுவருவார். மூலத்தையும் திரும்பி வந்த பிரெஞ்சையும் ஒப்பிடுவது என் வேலை. சிவப்புப் பேனையோடு பிழை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

2. பைலட்

அடுத்தது பைலட்: முதியவர்கள் சிலரிடம் கொடுத்து நிரப்பிப் பார்க்கவேண்டும்.

"ஞாயிற்றுக்கிழமை எங்கடை விகாரையிலை எல்லாரும் ஒரே இடத்திலை இருப்பினம், ராஜி. ஒரே நாளிலை முடிச்சிடலாம்" என்றாள் ஹோவா. அவள் பேசியது பிரெஞ்சில். எனக்கு எழுத வருவது எங்கள் பேச்சில்தான்.

அவள் புத்தாண்டுக்கு மட்டும் விகாரைக்குப் போகிறவள். எனக்கு உடனே விளங்கியது. அங்கே வருகிறவர்கள் மனதை அடக்கப் பழகுகிறவர்கள். தலைமைப் பிக்குணி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு பக்கத்தில் நடப்பார். "சாப்பிடும்போது என் மனம் எங்கோ போய்விடுகிறது" என்ற வரிக்கு அவர் கண்முன்னே ஆம் என்று யார் போடுவார்? கோயில் மண்டபத்தில் ஐயர் பக்கத்தில் நிற்க, கும்பிடும்போது மனம் அலைபாயுமா என்று எங்கள் சனத்தைக் கேட்டாலும் இதே கதைதான். இதை நான் ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். நல்ல யோசனை என்று மட்டும் சொன்னேன்.

3. லாசாலில் ஒரு சாப்பாடு

படிவக் கட்டு மேசையில் விழுந்த அன்று பின்னேரம், லாசாலில் எங்கள் வீட்டில் கணவரிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"உமக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப பிழை அவளின்ரை இல்லை. உம்மடை."

"தமிழுக்குத் தரேல்லையே அவையள்!"

"அதை அந்தப் பிள்ளையோ மறிச்சது?"

எனக்குக் கோபம் வந்தது; இரவு யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி. அடுத்த நாள் காலையில் ஹோவாவிடம் போனேன். "விகாரையிலை கேட்டதுதான் பிழை. வீடு வீடாப் போவம். எனக்கு இது அண்டைக்கே தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"பொறாமை."

அவள் கணினியைப் பார்த்தபடியே, "சனிக்கிழமை கார் கொண்டு வாங்கோ" என்றாள்.

நான்கு சனிக்கிழமைகள் போனோம். தங்கள் வீட்டுக் குசினியில், அடுப்படியில் இருந்தபோது அந்த முதியவர்கள் வேறு ஆட்கள். ஓர் அம்மா, தொலைபேசியில் கதைத்துக் கதைத்து அன்று காலைதான் சோற்றை அடிப்பிடிக்க விட்டதாகச் சொல்லி, சிரித்துக்கொண்டே ஆம் என்று போட்டார். இந்த முறை பதில்கள் பலவிதமாக வந்தன. திட்டம் தப்பியது. ஆனால் ஹோவா அதன் பிறகு என்னோடு மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பிழை கண்டால் அன்றைக்கே சொல்லுங்கள், அந்த ஆளைப் பிடிக்காவிட்டால் இன்னும் கெதியாகச் சொல்லுங்கள்.

கடைசி அறிக்கையை ஹோவாதான் எழுதினாள். முதல் பைலட் ஏன் பிழையாகிப் போனது என்ற பந்தியில், அதைக் கண்டுபிடித்தவர் ராஜி என்று என் பெயரைப் போட்டிருந்தாள். எப்போது கண்டுபிடித்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை. அதை வாசித்தபோதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இந்த முறை அவளுடைய பெரிய மனதைப் பார்த்து.