கடைசிக் கட்டத்தில் எழுதியது

மார்ச் 3, ஞாயிறு – 8 மணி நேரம்
மார்ச் 10, ஞாயிறு – 8½ மணி நேரம்
மார்ச் 17, ஞாயிறு – 7 மணி நேரம்
மார்ச் 24, ஞாயிறு – 8½ மணி நேரம்
ஆக மொத்தம் 32. நான்கு நாள் லீவு.

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவை ஆலையில் பதினெட்டு வருடம் பாய்லர் பார்த்த அக்கா எழுதிய கணக்கு இது. ஞாயிறுகளில் வந்து குழாய்களைச் சுத்தம் செய்தால் மகளின் பிரசவத்துக்கு நான்கு நாள் லீவு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வாயால் சொன்னதோடு சரி. காகிதம் எதுவும் இல்லை.

அக்கா வாய்ச்சொல்லைக் காற்றில் விடுகிறவள் அல்ல. பாய்லர் பதிவேட்டில் அழுத்தமும் தண்ணீர் மட்டமும் எழுதியபின், கடைசிக் கட்டத்தில் அன்று யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று எழுதுவாள். பல்லி கத்தினாலும் நேரம் போட்டு எழுதிவிடுவாள் என்று இஸ்திரிப் பிரிவுப் பெண்கள் சிரிப்பார்கள். மாலையில் அவள் படித்துக் காட்டுவாள். மேனேஜர் ஃபோனைக் காதில் வைத்தபடி கையெழுத்துப் போடுவார்.

லீவு முடிந்து ஏப்ரல் 8 அன்று திரும்பியவளின் கையில் ஒரு கடிதத்தைத் திணித்தார்கள். சொல்லாமல் நான்கு நாள் வராததற்கு ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது? மாற்று ஆள் வைக்க மேனேஜர் மறந்திருந்தார். மலையாய்க் குவிந்த அழுக்குத் துணிக்கு முதலாளியிடம் காட்ட அவருக்கு ஒரு தலை வேண்டியிருந்தது.

"நான் எப்பம்மா லீவு குடுத்தேன்? மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு, பேசி முடிச்சிடறேன்."

"எழுத எனக்குக் கை வலிக்காது சார். ஆனா நடந்ததைத்தான் எழுதுவேன்."

தண்ணீரில் இருந்துகொண்டு முதலையோடு பகையா என்று வீட்டில் கணவர் புலம்பினார். ஒரு வரிதானே என்றார். பொய் வரி ஒன்று விழுந்தால் பதினெட்டு வருடப் பதிவேடும் பொய்யாகிவிடும் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

ஏப்ரல் 15, விசாரணை. முதலாளியின் முன்னால் பதிவேட்டை விரித்தாள். பிப்ரவரி 27, காலை 7.10: லீவுப் பேச்சு முழுவதும் இருந்தது. அடியில் மேனேஜரின் கையெழுத்து.

"இதையெல்லாம் யார் படிச்சுட்டு கையெழுத்துப் போடறா?" என்றார் மேனேஜர்.

"அப்ப பாய்லர் அழுத்தத்தையும் இத்தனை நாளா படிக்காமத்தான் போட்டீங்களா சார்?"

முதலாளி பாய்லர் இருக்கும் திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். அவளுடைய வேலைக்கு ஒன்றும் ஆகாது, போகலாம் என்றார். அக்கா எழுந்திருக்கவில்லை.

"அதையும் எழுத்துல குடுத்துடுங்க ஐயா."

அன்றிலிருந்து தினமும் கடைசிக் கட்டத்தில் 'கடிதம் வரவில்லை' என்று எழுதினாள். மேனேஜர் இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்துத்தான் கையெழுத்திட்டார். ஆறு தடவை அதையே படித்தார். ஏழாவது வரி வேறாக இருந்தது: குற்றச்சாட்டை வாபஸ் வாங்கிய கடிதம் வந்தது, ஏப்ரல் 22, திங்கள், காலை 11.40.