ஒன்றரை மணி நேரப் பயணம்

எங்கள் ஓட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் தன் தம்பியின் பேச்சு வந்துவிட்டால் நீராவி மிஷின் சத்தமே தோற்றுப்போகும்.

"என்னடி பெரிய வெளிநாடு? ஒன்பது மணிக்கு ஏறினான், பத்தரைக்கு இறங்கிட்டான். உங்க வீட்டுக்குப் போற பஸ்ஸே ரெண்டு மணி நேரம் உருட்டுது!" என்று என்னை வாருவாள்.

தம்பியின் முதல் டிக்கெட்டில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அதைக் காட்டித்தான் அம்மாவையே சம்மதிக்க வைத்தாள். கூப்பிடு தூரம்தான் என்று இருவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். இங்கே விடியும்போது அங்கே இருட்டு என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றியதா என்ன?

ஒரு சாயங்காலம் அக்காவின் அம்மா இறந்துபோனார். தம்பி போனில் தேம்பினான். "காலைல ஆறு மணி பிளைட்டுக்கா. அம்மா முகத்த ஒரு தடவை பாத்துடணும்..." அதற்குமேல் பேச முடியாமல் வைத்துவிட்டான்.

மயானத்தில் மறுநாள் பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். "ஏழரைக்கு இறங்கிடுவான், ஒன்பதுக்கெல்லாம் வீட்டுல இருப்பான்" என்றாள் அக்கா. ஒன்பது ஆயிற்று. தம்பியின் போன் அணைந்து கிடந்தது. பத்தும் ஆயிற்று. பெரியப்பா அவசரப்படுத்தினார்.

"அவன் ஏறலடி. போன தடவை மாதிரி முதலாளி பாஸ்போர்ட்டக் குடுத்திருக்க மாட்டான், பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளேதான் "எடுத்துடுங்க" என்றாள்.

எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவி விட்டபிறகு தம்பி வந்து நின்றான்.

"கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாக்கா?"

"ஆறு மணிக்கு ஏறினவன் ஏழரைக்கு வர வேண்டாமாடா? வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேனே!"

அவன் அவளையே பார்த்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். "பிளைட்டு லேட்டுக்கா. உன்மேல தப்பே இல்ல."

தண்ணீர் கொடுக்கப்போன நான், எவ்வளவு லேட்டு என்று தனியாகக் கேட்டேன்.

"லேட்டே இல்லக்கா. நாலு மணி நேரப் பயணம் அது. அந்த ஊர் கடிகாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் பின்னாடி. டிக்கெட்டுல அந்தந்த ஊர் நேரத்தத்தான் போடுவாங்க. அங்க ஆறு மணின்னா இங்க எட்டரை, இறங்கவே பன்னண்டரை ஆயிடும். பக்கத்துல இருக்கேன்னு நினைச்சு நிம்மதியா இருக்கட்டும்னு நானும் திருத்தாம விட்டேன். இப்ப தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. நீங்களும் சொல்லிடாதீங்க."

இப்போதும் அம்மா பேச்சு வந்தால் அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "படுபாவிங்க, அன்னிக்கு ஒரு நாள் நேரத்துக்கு வந்திருக்கக் கூடாதா?" என்று அந்த விமானக் கம்பெனியைத் திட்டித் தீர்ப்பாள். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.