கிளூஜில் கூடிப்போன ஒரு ரோஜா

எங்கள் மகள் நிலா, மொன்றியலில் தன்னோடு வேலை செய்யும் அந்திரேயை மணமுடிக்கப் போகிறாள். அவர் ருமேனியாக்காரர். சென்ற கோடையில் அவருடைய பெற்றோரைச் சந்திக்க, நால்வருமாகக் கிளூஜ் நகரத்துக்குப் போனோம். புறப்படுமுன் காலநிலை, காசு மாற்றுவது, ரயில் எல்லாம் தேடிப் படித்திருந்தேன்.

வெறுங்கையோடு போகக்கூடாதென்று நானும் கணவருமாக அங்கே பன்னிரண்டு ரோஜாக்கள் வாங்கினோம். பூக்காரி விரல்களை மடக்கி ஏதோ சொன்னார். விளங்காமல், மொன்றியல் பழக்கத்தில் "மெர்சி" என்றோம். அங்கேயும் நன்றிக்கு மெர்சிதானாம். அவரும் அப்படியே கட்டித் தந்துவிட்டார்.

வீட்டு வாசலில் நிலாவோடு எங்களுக்காகக் காத்திருந்த அந்திரே, பூங்கொத்தைக் கண்டு திடுக்கிட்டார்.

"மாமி, கொஞ்சம் நில்லுங்கோ," என்று நிலா பழக்கிய தமிழில் சொல்லி, ஒரு பூவை உருவி என் கொண்டையில் செருகினார்.

"என்னடி இது?"

"அம்மா, இங்கை இரட்டை எண்ணிலை பூ செத்தவீட்டுக்குத்தான் கொண்டு போவினமாம்," என்றாள் நிலா.

அதற்குள் கதவு திறந்தது. அந்திரேயின் தாயார் பூக்களை வாங்கிக்கொண்டு, என் தலைப்பூவைப் பார்த்து ரசித்து, என்னைக் கட்டியணைத்தார்.

சாப்பாட்டு மேசையில் நிலா உண்மையைப் போட்டுடைக்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நாங்களும் கலியாணக் கவரில் நூற்றியொன்று என்று ஒற்றைப்படையில்தான் வைப்போம் என்றேன். தாயார் சொன்னதை அந்திரே மொழிபெயர்த்தார்: "அப்ப நாங்கள் முந்தியே சொந்தக்காரர்தான்."

இப்போதெல்லாம் புது ஊருக்குப் போகுமுன், ஒரு வீட்டுக்கு எதைக் கொண்டுபோகலாம், எது கூடாது என்று அந்த ஊரவர் ஒருவரிடம் கேட்டுவிடுகிறேன். சம்பந்தியம்மாவும் அப்படித்தான். கலியாணத்துக்கு மொன்றியல் வருமுன்பே கேள்விகள் அனுப்பத் தொடங்கிவிட்டார். முதல் கேள்வி, அவருக்குச் சேலை கட்டிவிட நான் வருவேனா என்பது.

– ஒரு வாசகி, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ