மாடிப்படியில் சொன்ன மெத்தைக் கதைகள்

நேரில் பேசும்போது அவள் ‘வானொலி அக்கா’. முதுகுக்குப் பின்னால் வெறும் ‘வானொலி’. இரண்டும் அவள் காதுக்கு எட்டியிருந்தன. வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட.

மெத்தைக் கம்பெனியில் புகார்ப் பிரிவு அவளுடையது. மெத்தை வாங்கியவர்கள் போன் செய்வார்கள். குழி விழுந்துவிட்டது என்றுதான் ஆரம்பிப்பார்கள். இவள் இரண்டு முறை ‘உம்’ கொட்டினால் போதும், குழி யார் படுக்கும் பக்கம் விழுந்தது, நாத்தனார் வந்து தங்கிப் போனதற்கு முன்பா பின்பா என்பதெல்லாம் தானாக வந்து விழும். “மெத்தைக்காவது வாரண்டி இருக்கு, மனுஷனுக்கு அதுவும் கிடையாது” என்பாள். கணவர் லாரி ஓட்டுநர், வாரத்தில் பாதி நாள் சாலையில் இருப்பார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். நாள் முழுக்கக் காதில் வாங்கியதை வீட்டில் கொட்ட ஆளில்லை. அதனால் ஆபீஸில் கொட்டினாள். யார் பெயரையும் சொல்ல மாட்டாள், அதில் மட்டும் கண்டிப்பு.

ஒருநாள் அவள் பல் டாக்டரிடம் போயிருந்தபோது மேலாளர் கூட்டம் போட்டார். வராதவர் தலையில் வேலையைக் கட்டுவது அந்த ஆபீஸின் எழுதாத சட்டம். மறுநாள் வந்தபோது அவள் ‘பசுமைப் பொறுப்பாளர்’ ஆகியிருந்தாள். மின்சாரம், காகிதம், குப்பை எல்லாவற்றையும் குறைக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் உத்தரவு போட்டிருந்தது.

“சார், எனக்கும் பசுமைக்கும் என்ன சம்பந்தம்? எங்க வீட்ல இருக்கிற ஒரே செடியும் பிளாஸ்டிக்.”

“போஸ்டர் அனுப்பியிருக்காங்கம்மா. ஒட்டிட்டு ரெண்டு வார்த்தை பேசுங்க, போதும்.”

ஒட்டினாள். லிஃப்ட் பக்கத்தில் உருண்டையாகச் சிரித்துக்கொண்டிருந்த பூமிக்கு அன்று மாலையே யாரோ மீசை வரைந்துவிட்டார்கள். இரண்டு வார்த்தையும் பேசினாள். எல்லோரும் கைதட்டினார்கள், பேப்பர் கப்பில் டீ குடித்தார்கள், கப்பைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு லிஃப்டில் இறங்கிப் போனார்கள். பொறுப்பாளரும் அதே லிஃப்டில்தான் போனாள்.

அவள் மனம் மாறியதற்குப் பூமி காரணமில்லை, மேலாளர்தான். ஒரு காலையில் அவர்கள் இருவரோடு லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. அந்தரத்தில் தொங்கியதுகூட அவளுக்குப் பயமாக இல்லை. கிடைத்த நேரத்தை வீணாக்குவானேன் என்று மேலாளர் அடுத்த ஆண்டு விற்பனைத் திட்டத்தை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். கதவு திறந்தபோது அவள் உயிர் பிழைத்தவள்போல வெளியே பாய்ந்தாள். நான்கு மாடி என்ன, நாற்பது மாடியானாலும் இனி படிதான் என்று முடிவெடுத்தாள்.

மறுநாள் கீழே லிஃப்ட் வாசலில் விளம்பரப் பிரிவுப் பெண்ணிடம் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கதை சூடு பிடிக்கும்போது லிஃப்ட் வந்தது. இவள் படிப்பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அப்புறம் என்னாச்சு?”

“வேணும்னா ஏறி வா.”

அந்தப் பெண் ஏறினாள். அடுத்த நாள் அவளோடு கிடங்குக்காரரும் ஏறினார். வாரம் முடிவதற்குள் படியில் ஊர்வலம். வானொலிக்குத் தன் பலம் அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் விஷமம் தலைக்கேறியது. கதையைக் கீழ்ப்படியில் ஆரம்பித்து, முக்கியமான இடத்தை மூன்றாவது மாடித் திருப்பத்தில் வைத்தாள். லிஃப்டில் வந்தவர்களுக்கு மேலே கிடைத்தது சிரிப்பின் வால் மட்டும். டீக்குப் பிறகு இரண்டாவது பதிப்பை கப் கழுவும் குழாயடியில் நின்று சொன்னாள். பேப்பர் கப்புக்காரர்களுக்கு அங்கே நிற்க முகாந்திரமில்லை. ஆளாளுக்கு வீட்டிலிருந்து கப் கொண்டுவந்தார்கள். மதியம் விளக்கணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் ரகசியக் கதைகள். “இதெல்லாம் ட்யூப்லைட் கீழ சொல்ற விஷயமா?” என்பாள்.

கதைகளில் பெரிய வரவேற்பு ‘மேட்டு மெத்தை’ அம்மாவுக்குத்தான். அந்த அம்மா அடிக்கடி போன் செய்வாள். “மெத்தை நடுவுல மேடாயிருக்கும்மா. அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நானு. ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரிய மாட்டேங்குது.” பழுது பார்க்க ஆள் அனுப்பவா என்றால் வேண்டாம் என்பாள். வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்ததும் டிவி முன்னால் உட்காருவாராம், கேட்டால் ‘ம்’, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

இந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது கணக்குப் பிரிவு அண்ணன் படியேற ஆரம்பித்தார். கனத்த உடம்பு, முழங்கால் வலி. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் லீவு போட்டவர் அவர். இப்போது கைப்பிடியைப் பிடித்து, இரண்டு படி பின்னால், மூச்சிரைக்க வந்தார். எல்லோரும் சிரித்த இடத்தில் அவர் சிரிக்கவில்லை. டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் மேட்டு மெத்தைக் கதையின் போக்கு மாறியது. “நேத்து அவரு ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டாரும்மா,” என்றாள் அந்த அம்மா. “உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு எனக்குப் பயமாயிருக்கு.” அன்று படியே அதிர்ந்தது. பின்னொரு நாள், இருவருமாகச் சேர்ந்து மெத்தையைத் திருப்பிப் போட்டதாகச் சொன்னாள். அந்தக் காலையில் கணக்கு அண்ணன் யாருக்கும் பின்தங்காமல் ஏறினார்.

மின்சாரம் குறைந்தது, குப்பைக்கூடை மெலிந்தது. போஸ்டரின் மகிமை என்று மேலாளர் மேலிடத்துக்குச் சொன்னார். மேலிடம் இன்னும் பெரிய போஸ்டரும், கூடவே ஆராய்ச்சி செய்ய ஒரு இளம்பெண்ணையும் அனுப்பியது. பணியாளர்களைத் தூண்டியது எது என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். டீ நேரத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

“வருங்கால சந்ததிக்காக,” என்றாள் விளம்பரப் பிரிவுப் பெண், கண்ணிமைக்காமல்.

“பூமி நமக்குத் தாய் மாதிரி இல்லையா மேடம்?” என்றார் கிடங்குக்காரர். மீசை வரைந்தவர் அவர்தான்.

கணக்கு அண்ணனின் முறை வந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். கப்பைக் கீழே வைத்தார்.

“என் சம்சாரம் என்னைப் பத்தி என்ன சொல்றான்னு தெரிஞ்சுக்கத்தான் ஏறுறேன்.”

குழாயடியில் வானொலி கையில் சோப்பு நுரையோடு நின்றாள். அந்த மெத்தை அண்ணனின் மச்சான் வாங்கிக் கொடுத்தது, கம்ப்யூட்டரில் மச்சான் பெயர்தான் இருந்தது, அவளுக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாள் ஒரு மனிதரின் படுக்கையறையை, அவரையே பின்னால் வைத்துக்கொண்டு, மாடி மாடியாக விற்றிருக்கிறாள். முகம் பற்றி எரிந்தது.

“அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்குங்க.”

“எதுக்கும்மா?” விளம்பரப் பிரிவுப் பெண்ணையும் கிடங்குக்காரரையும் காட்டினார். “இவங்க ரெண்டு பேரு மேடு மேடுன்னு சிரிச்சிட்டிருந்தப்போதான் எனக்குப் பொறி தட்டுச்சு. அதையேதான் அவ எங்கிட்ட வீட்ல சொல்லிட்டிருந்தா, காதுல ஏறல. படி ஏறினப்போதான் ஏறுச்சு.”

விஷயம் எட்டியதும் மேலாளர் வானொலியை அறைக்குள் கூப்பிட்டார். வாடிக்கையாளர் பேசியது போனோடு நிற்க வேண்டும் என்றார். நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. மெத்தைக் கதைகளை அன்றோடு நிறுத்தினாள். லாரிக்காரரின் குறட்டையையும் விடுதிச் சமையலைப் பற்றி மகள் புலம்புவதையும் சொல்லிப் பார்த்தாள். சிலர் லிஃப்டுக்குத் திரும்பிவிட்டார்கள். பலர் திரும்பவில்லை. “பேன்ட் லூசாயிடுச்சு, எல்லாத்தையும் பிடிச்சுத் தெச்சிட்டேன். இனிமே நிறுத்துனா புதுசுதான் வாங்கணும்,” என்றார் கிடங்குக்காரர். ஆராய்ச்சிப் பெண் என்ன எழுதுவதென்று நாலு நாள் தவித்துவிட்டு, ‘குடும்பத்தின் மீதுள்ள அக்கறையே முதன்மைக் காரணம்’ என்று எழுதிக்கொடுத்துப் போனாள்.

சில வாரம் கழித்து ஒரு காலையில், கணக்கு அண்ணன் வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியோடு ஒரு அம்மா கீழே நின்றிருந்தாள். வாயைத் திறந்ததுமே குரலை வைத்து வானொலி கண்டுகொண்டாள். தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டாள்.

“நீங்க ஏம்மா மன்னிப்புக் கேக்குறீங்க?” என்றாள் அந்த அம்மா. குரலைத் தாழ்த்தினாள். “‘எங்க ஆபீஸ் புகார்ப் பிரிவுல ஒரு வானொலி இருக்கு, காலையில ஒண்ணு காதுல போட்டா சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ் பூரா பரவிடும்’னு அவருதான் ஒருநாள் சொன்னாரு. அதான் போட்டேன். மெத்தையில ஒரு குறையும் கிடையாது, நல்ல மெத்தை. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

கண்ணாடியைக் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள். வாசலில் விளம்பரப் பிரிவுப் பெண்ணும் கிடங்குக்காரரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். பின்னால், டீக்கடையில் நின்றுவிட்டு வந்த கணக்கு அண்ணன். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். எல்லோரும் ஏறத் தொடங்கினார்கள். முதல் மாடி போனது. இரண்டாவது மாடியும் போனது. வானொலி உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

“என்னக்கா, இன்னிக்கு ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணுமில்ல,” என்றாள். “மூச்சு வாங்குது.”