நடுப் பெடல்

சான் லீனோ என்கிற மலையூரில் ஜீப் ஓட்டுகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அர்சேசியோ ஓசாவுக்கு வாய்த்தது 'கட்டை'. ஆள் குட்டை என்பதால் அல்ல, நல்ல உயரம்தான். ஜீப்பை எங்கே நிறுத்தினாலும், தேவாலயத்துக்கு முன்னால் இருக்கிற சமதளத்திலேயே நிறுத்தினாலும், ஒரு முக்கோணக் கட்டையை எடுத்துவந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

"பிடிங்கடா, கட்டையோட ஜீப்பு ஓடிப்போகுது!" என்று எவேலியோ காப்பிக் கடையிலிருந்து கத்துவான். அவனும் ஜீப்காரன்தான். மேலே வாழைத்தார், பின்னால் தொங்கிக்கொண்டு பத்துப் பேர், வாயில் சிகரெட் என்று மலையில் பறக்கிறவன். கடையே சிரிக்கும். அர்சேசியோ கட்டையை இன்னொரு உதை உதைத்து இறுக்கிவிட்டுப் போவான்.

அவன் பயந்தாங்கொள்ளி. அதை அவன் மறைத்ததும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பான், ஹாரனுக்கு முன்னால் கார்மேல் மாதா படத்தைத் தொட்டு முத்தமிடுவான். பனி இறங்கினால் முகப்பு விளக்கைப் போடுவதோடு தலையையும் வெளியே நீட்டுவான். இளவட்டங்களுக்கு அவன் ஜீப் கேலிப்பொருள். ஆனால் நிறைமாதப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றால் அதே ஊர்க்காரர்கள் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இதைச் சொல்லிக் காட்டக்கூட அவனுக்குத் தெரியாது.

மனைவி தியோசெலினா அவனுக்கு நேர் எதிர். காப்பித் தோட்டத்தில் பாம்பைக் கண்டால் மற்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள், அவள் அரிவாளை எடுப்பாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை, "எனக்கும் ஓட்டச் சொல்லிக் குடேன்" என்று கேட்டாள். "உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் என்ன செய்வேன், கிழவி?" என்றான். கிழவி என்றழைக்கப்பட்டபோது அவளுக்கு இருபது வயது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அறுவடைக் காலத்துச் சனிக்கிழமை அது. காப்பி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இருவரும் மலைமேல் தோட்டத்திலிருந்து ஊருக்குக் கிளம்பினார்கள். மூட்டை ஏற்றும்போதே ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. நெஞ்சுவரை இழுத்தும் வண்டி வழுக்கியது. அர்சேசியோ குனிந்து பார்த்தான். எஞ்சின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்புகிற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பெட்டியின் பின்வாயிலிருந்து கறுப்பாக ஆயில் வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது, அந்தப் பெட்டியின் வாலிலேயே உட்கார்ந்திருக்கும். பெட்டி ஒழுகினால் பிரேக் எண்ணெய்க் குளியல் போடும். ஒழுகலை அவன் முன்பே கவனித்து, ஒழுகலை அடைக்கிற புது வளையம், ஆயில் சீல், வாங்கிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தான். ஊருக்குள் ஒர்க்ஷாப்பில் சமதரையில் வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான்.

பாதி இறக்கத்தில் பெட்டி ஊளையிட ஆரம்பித்தது. ஆயில் வற்றிவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. வேறு யாராக இருந்தாலும் மெதுவாக உருட்டிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவனுக்கோ பல்சக்கரம் இறுகுவதும், சக்கரத்தைச் சுழற்றுகிற ஷாஃப்ட் முறிவதும், ஜீப் பள்ளத்தில் புரள்வதும், அதில் தியோசெலினாவின் முகமும் வரிசையாகத் தெரிந்தன. அங்கேயே நிறுத்தினான். ஒருபக்கம் செம்மண் சுவர். மறுபக்கம் பனி, அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"இறங்கு கிழவி. இங்கேயே சரி பண்ணிடுறேன்."

"தூறுது, முழங்கால் வேற குத்துது. நீ பண்ணு, நான் உள்ளே இருக்கேன்." அவள் பக்கத்துக் கூரை ஒழுகியதால் நகர்ந்து டிரைவர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்கியிருந்தான். கட்டையை எடுத்து வந்து சக்கரத்தில் வைத்து உதைத்தான். டொக் என்று அந்தப் பழகிய சத்தம் கேட்டதும் நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. வெயில் காலத்தில் எல்லோரும் செய்வதுபோல முன்பக்க ஷாஃப்டை அவனும் கழற்றி வீட்டில் மாட்டியிருந்தான், மழை வந்தும் திரும்பப் பூட்டவில்லை. ஆக எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது பின் ஷாஃப்ட் ஒன்றுதான். இப்போது அதையும் கழற்றப் போகிறான். கழற்றிய பிறகு கியரும் பிடிக்காது, ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது. கட்டை ஒன்றுதான் துணை. இதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஸ்பேனரையும் ஒரு இரும்புக் கம்பியையும் எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தான். கால்கள் இரண்டும் பக்கவாட்டில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருந்தன. கடைசி நட்டைக் கழற்றியதும் ஷாஃப்டின் முனை தொப்பென்று விழுந்தது. ஜீப் நகர்ந்தது.

கட்டை பின்சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது. பாரம் ஏற்றிக்கொண்டு மேலே ஏறும்போதுதான் அந்த ரோட்டில் வண்டிகள் நிற்கும், பின்னால்தான் உருளும். ஆயிரம் தடவை பின்னால் வைத்த கை அன்றும் பின்னால்தான் வைத்தது. ஜீப்பின் மூக்கோ கீழ்ப்பக்கம் பார்த்து நின்றிருந்தது. சத்தத்தைக் கேட்டு நிம்மதியானானே தவிர, அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"நடுப் பெடல்! நடுப் பெடலை மிதி!"

அது தன் குரல் என்றே அவனுக்குத் தெரியவில்லை. ஜீப் நின்றது. பின்டயர் அவன் தொடையில் ஏறத் தொடங்கி, பேன்ட்டையும் கொஞ்சம் சதையையும் தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றது.

"கிழவா! உசிரோட இருக்கியா?"

"இருக்கேன். காலை எடுக்காதே. என்ன ஆனாலும் எடுக்காதே."

"எடுக்கலை." அவள் குரல் நடுங்கியது. பாம்புக்கு நடுங்காத குரல். "ஆனா பெடல் தானா உள்ளே போகுது. மெல்ல மெல்லப் போகுது."

அந்தப் பழைய பிரேக் பெடலைப் பற்றி அவனுக்குத் தெரியும். ஒருமுறை விட்டுத் திரும்ப மிதித்தால் மேலே வந்துவிடும். ஆனால் அந்த ஒரு நொடி விடுவதற்குள் டயர் தொடை மேல் ஏறி இறங்கிவிடும். அப்புறம் அவளோடு ஜீப்பும் பள்ளத்துக்குப் போய்விடும். வாழ்நாள் முழுவதும் பயந்தவன்தான், ஆனால் இதுபோல மூத்திரம் கசிந்து அவன் பயந்ததே இல்லை. தன் காலுக்காகப் பயந்ததைவிட, தலைக்கு மேலே பலகைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்காகத்தான் அதிகம் பயந்தான்.

"மிதிச்சுக்கிட்டே இரு. நான் சொல்றவரைக்கும்."

"தரை தட்டப் போகுது, அர்சேசியோ!"

அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வருடங்களாயிற்று. கம்பியைத் துழாவினான். விழுந்து கிடந்த ஷாஃப்டின் முனையில் கவட்டைபோல் இரண்டு காது உண்டு. சக்கரம் உருண்டால் ஷாஃப்டும் சுற்றியாக வேண்டும், ஷாஃப்டைச் சுற்றவிடாவிட்டால் சக்கரம் எப்படி உருளும்? கம்பியைக் கவட்டைக்குள் செருகி, மறுமுனையை வண்டியின் இரும்புச் சட்டத்தில் முட்டவைக்கப் பார்த்தான். கை எண்ணெய். முதல் தடவை நழுவியது. மாதாவே, மாதாவே என்று முனகிக்கொண்டே மறுபடி செருகினான். நின்றது.

"இப்ப ஒரே ஒரு தடவை விட்டு, உடனே மிதி."

"விடணுமா?"

"விடணும்."

"பிடிக்குமா?"

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "பிடிக்கும்" என்றான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ணங் என்று கம்பி சட்டத்தில் மோதியது. டயர் ஒரு விரல்கடை நகர்ந்து தொடையைக் கிள்ளிவிட்டு நின்றது. மேலே பெடல் கெட்டியாக ஏறிக்கொண்டது. பேன்ட் கிழிய, தோல் உரிய, அவன் பின்வாங்கி வெளியே வந்தான். தவழ்ந்துபோய்க் கட்டையைப் பிடுங்கி முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்தான். இரண்டு கல், அப்புறம் ஒரு காப்பி மூட்டை, அப்புறம் இன்னொரு மூட்டை. எதையும் நம்பாமல் அடுக்கிக்கொண்டே இருந்தான்.

"போதும், காலை எடு."

"எடுக்க மாட்டேன்."

சீல் மாற்றி, ஷாஃப்டைப் பூட்டி, பாட்டிலில் இருந்த ஆயிலை ஊற்றி முடிக்கும்வரை அவள் எடுக்கவில்லை. மூட்டைகளைத் திரும்ப ஏற்றிவிட்டு, "நகரு, நான் ஓட்டுறேன்" என்றான். உரிந்த காலை இழுத்துக்கொண்டு டிரைவர் பக்கம் வந்தான்.

"அந்தக் காலை வெச்சுக்கிட்டா? போ. நான் இதுல இருந்து எடுத்தா எல்லாம் போயிடும்னு பயமா இருக்கு. இப்படியே என்ன செய்யணுமோ சொல்லு."

அவன் பக்கத்தில் ஏறி எஞ்சினைக் கிளப்பினான். அவள் இடது காலை கிளட்ச்சில் வைத்து அழுத்த, அவன் கியரைப் போட்டான். இறங்கிப்போய்க் கற்களைத் தள்ளிவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டான். "இடது காலை மெதுவா எடு. நடுப் பெடலை மட்டும் கொஞ்சம் தளர்த்து."

ஜீப் ஆமைபோல் ஊர்ந்தது. அவன் கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நொண்டியபடி மலை அடிவாரம்வரை நடந்தான்.

சந்தைக் கூட்டம் முழுக்கப் பார்த்தது. எவேலியோ நாற்காலியிலிருந்து எழுந்தான். "டேய் கட்டை, உன் ஜீப்பை யாரு ஓட்டுறது?"

"என் பொண்டாட்டி. வழியை விடு."

தேவாலயத்துக்கு முன்னால் இரண்டு பெடலையும் மிதித்து அவள் நிறுத்தினாள். அவன் எஞ்சினை அணைத்தான். சக்கரத்துக்கு முன்னால் கட்டையை வைத்தான், குனிந்து பார்த்தான். பின்னால் ஒரு கல்லை வைத்தான், அதையும் குனிந்து பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

"இப்ப எடுக்கலாமா?"

"எடு."

அவள் காலை எடுத்தாள். ஜீப் நகரவில்லை. ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அவன் எண்ணெய்க் கையோடு அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "உனக்கு ஏதாச்சும் ஆயிடும்னுதான் நான் ஓட்டச் சொல்லிக் குடுக்கலை" என்றான்.

"நடுவுல இருக்கறது எதுன்னாவது சொல்லி வெச்சிருக்கலாம்ல?" என்றாள் அவள். "நீ கத்தினப்ப நான் குனிஞ்சு எண்ணிப் பார்த்தேன், கிழவா. எண்ணிப் பார்த்துட்டுத்தான் மிதிச்சேன்."