தைக்குக் காத்திருந்த கட்டில்

விடியற்காலை நாலே முக்காலுக்குச் செய்தி வந்தது. குறிஞ்சிப்பாடியில் என் வீட்டுக்கு எதிரே உள்ள கோயிலில் மார்கழிப் பாட்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது. என் அக்கா கணவர் வேலுமணி, நைட் ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் இறந்துவிட்டார். அவரோடு வேலை பார்க்கும் அருள்தான் சொன்னான்.

"வூட்டுக்கு ரெண்டு மூணு தடவ அடிச்சேன் சார். அக்கா எடுக்கல. அதான் உங்களுக்கு அடிக்கிறேன்."

அக்கா ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். போன் ஜன்னல் மேடையில் சார்ஜில் இருந்திருக்கும். அக்கா தரையில் மெத்தை மேல் படுத்திருப்பாள்.

பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பொற்கொடி அக்காவிடம் ஒரு சாவி இருந்தது. கதவைத் திறந்து லைட்டைப் போட்டதும் என் அக்கா பிரபாவதி படுத்தபடியே தலையை மட்டும் திருப்பினாள்.

"நீயா? போன் அடிச்சுக்கினே இருந்துது தம்பி. எட்டல. யாருன்னு பாரு. மாமாவாத்தான் இருக்கும்."

"மொதல்ல எழுந்திரு" என்றேன்.

மாமா அவளைத் தூக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பின்னால் மண்டிபோட்டு, இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து, "எக்கு" என்பார். ஒரே மூச்சில் அக்கா நாற்காலிக்கு வந்துவிடுவாள். எனக்கு அது வரவில்லை. நானும் பொற்கொடி அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். "அவரு தூக்கினா வலிக்காது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன்.

வேலுமணி மாமாவின் ஊர் வளையமாதேவி. மைன்ஸில் நிலக்கரி ஓடும் பெல்ட் பகுதியில் அவருக்கு வேலை. வாழ்க்கையின் பெரும்பகுதி கான்ட்ராக்ட் ஆளாகவே போனது. தலை நரைத்த பிறகுதான் பெர்மனெண்ட் ஆனார். அன்றைக்கு ஒரு டப்பா லட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "மாப்ள, ஒங்கக்காவ இத்தினி வருசமா கான்ட்ராக்ட்லதான் வச்சிருந்தேன். இன்னைலேர்ந்து அவளும் பெர்மனெண்ட்" என்றார்.

"யாரு யார கான்ட்ராக்ட்ல வச்சிருந்தாங்கன்னு எனக்கில்ல தெரியும்" என்றாள் அக்கா.

பெர்மனெண்ட் ஆனதால் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பின்பக்கம் ஒரு மாமரமும் துணி துவைக்கும் கல்லும் இருந்தன. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் அக்கா போன ஆவணி மாதம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் நடந்தது. நாற்காலியிலிருந்து எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். தரையிலிருந்து அவளால் எழ முடியாது. வீட்டில் இருந்த நாடாக் கட்டில் குழி விழுந்தது, அதில் படுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பூரில் இருக்கும் மகள் சத்யப்பிரியா ஒரு கெட்டியான மெத்தையை அனுப்பிவைத்தாள். கட்டில் வரும்வரை அது தரையில் கிடந்தது.

மாமா நைட் ஷிப்ட் போகும் வாரங்களில் விடிந்து பொற்கொடி அக்கா வரும்வரை அக்கா அப்படியே கிடப்பாள். பாத்ரூம் போக வேண்டுமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கமாட்டாள். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. கடைக் கட்டில்கள் எல்லாம் தாழ்வாக இருந்தன, மெத்தையின் அகலத்துக்கும் ஒத்துவரவில்லை. "நானே செஞ்சிடறேன்" என்றார். அவர் ஆசாரி இல்லை. மெஷின் பாகங்கள் வரும் பெட்டிகளைப் பிரித்த பலகைகள் மந்தாரக்குப்பத்துப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். டவுன்ஷிப்பில் பல வீட்டு ஷெல்புகளும் கோழிக் கூண்டுகளும் அந்தப் பலகைதான். அதில் நல்லதாகப் பொறுக்கி வாங்கி வந்தார்.

மெத்தை சுருட்டி வந்திருந்தது. பிரித்த உடனே அளக்கவில்லை. "இருக்கட்டும், மூச்சு வாங்கட்டும்" என்று ஒருநாள் முழுக்க விட்டுவைத்து, அது உப்பி நின்ற பிறகுதான் டேப்பை எடுத்தார். உயரத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, அடியில் போர்வையை மடித்து மடித்து வைத்து, எந்த உயரத்திலிருந்து சுலபமாக எழுகிறாள் என்று பார்த்தார்.

"நீ ஒக்காந்தா மெத்த எவ்ளோ அமுங்கும்?"

"ஆன ஒக்காந்தா எவ்ளோ அமுங்குமோ அவ்ளோ. கழிச்சுக்கோங்க."

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் இருந்து பொற்கொடி அக்கா எட்டிப் பார்த்து, "என்னண்ணே, கட்டிலா, கப்பலா?" என்பாள். "கப்பல்தான். உங்கள ஏத்திக்க மாட்டேன்" என்பார் மாமா.

சட்டங்கள் அறுத்து, கால்கள் இழைத்து முடிப்பதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்: "மார்கழில யாராச்சும் கட்டில் கூட்டுவாங்களா? தை பொறக்கட்டும்."

"மார்கழில மட்டும் ஒனக்கு இடுப்பு நோவாதா?"

"நோவட்டும். இத்தினி நாள் கெடந்தேன், இன்னும் கொஞ்ச நாள்."

மாமாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவள் பேச்சைத் தட்டவில்லை. செய்வதற்குத் தடையில்லை, பாகங்களைச் சேர்த்துக் கூட்டுவதுதான் கூடாது என்று தானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பாகத்தையும் முடித்து, எது எதோடு சேரும் என்று சாக்பீஸில் எண் போட்டு, பின்சுவரில் சாத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார். கால்கள் வழுக்காமல் இருக்கப் பழைய பெல்ட் ரப்பரை வட்டமாக வெட்டி அடித்தார். போல்ட்டுகளை முடுக்குவது ஒன்றுதான் பாக்கி.

இன்னொன்றும் பாக்கி இருந்தது. கட்டிலின் வலப்பக்கச் சட்டத்தில் நிமிர்ந்த கட்டை ஒன்று வரும். அதில் அக்கா பிடித்து எழ ஒரு கைப்பிடி. கைப்பிடி இல்லாமல் இந்தக் கட்டிலால் அவளுக்குப் பாதி உபயோகம்தான். "அதுக்கு மட்டும் இப்ப ஓட்ட போட முடியாது மாப்ள" என்று என்னிடம் காட்டினார். "அவ மெத்த மேல ஒக்காந்து கைய நீட்டணும். எங்க புடிச்சா எழ முடியுதோ அங்க போடணும். கட்டில் நிக்காம எப்பிடிப் போடறது?"

மாமாவை எரித்துவிட்டு வந்த மறுநாள் அக்கா தன் போனைக் கேட்டாள். எடுக்காத அழைப்புகளைப் பார்த்தாள். அருளின் அழைப்புகளுக்கு முன்னால் ஒன்று இருந்தது. அது மாமாவின் எண். துக்கத்துக்கு வந்திருந்த அருளைக் கூப்பிடும்படி என்னிடம் சொன்னாள்.

"அவரு போன்லேர்ந்து நீ அடிச்சியா அருளு?"

அருள் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லக்கா. என் போன்லதான் அடிச்சேன். கொஞ்சம் படபடன்னு வருதுன்னு சொல்லிட்டு அவரு தள்ளிப் போயி ஒக்காந்தாரு. அப்ப அடிச்சிருப்பாரு."

அக்கா அழவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். "தம்பி, கட்டில எடுத்தாந்து கூட்டு" என்றாள்.

மாமாவின் அண்ணன் வாசலிலிருந்து எழுந்து வந்தார். "தீட்டு வூட்ல புதுக் கட்டிலாம்மா? கருமாதியாவது முடியட்டும். ஊர்ல நாலு பேர் என்னா பேசுவாங்க? அப்பறம் எப்பிடியும் குவார்ட்டர்ஸையே காலி பண்ணணும்."

"மார்கழின்னு சொன்னது நாந்தான் மாமா" என்றாள் அக்கா. "அதால அவரு போவல. அது எனக்கும் தெரியும். ஆனா அவரு கூப்ட்டாரு. நான் மோட்டுவளையப் பாத்துகினு கெடந்தேன். இனிமே தரையில கெடக்க மாட்டேன்."

நானும் அருளும் தார்ப்பாயை விலக்கினோம். சாக்பீஸ் எண்கள் பனியில் கொஞ்சம் மங்கியிருந்தன, ஆனால் தெரிந்தன. எல்லா போல்ட்டும் தடையில்லாமல் ஏறியது. மெத்தையைத் தூக்கி வைத்தபோது, சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே விரல் நுழையும் இடம்கூட இல்லை. அக்காவை உட்காரவைத்தோம். இரண்டு பாதமும் சரியாகத் தரையில் பதிந்தன. அவள் வலது கையை நீட்டி, நிமிர்ந்த கட்டையில் ஓர் இடத்தைப் பிடித்தாள். அவள் விரலுக்கு அடியில் நான் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

வேலை செய்த இடத்திலிருந்து மாமாவின் பை வந்தது. டிபன் பாக்ஸுக்கு அடியில் கைப்பிடிக்கான கட்டை இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி வழவழப்பாக்கியிருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் முடிந்திருக்கிறது. மறுபக்கம் கை வைத்தால் சிலாம்பு குத்துகிறது.

தை பிறந்துவிட்டது. அக்கா இப்போதும் தனியாக எழுவதில்லை. நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். கூப்பிட்டால் போய்த் தோள் கொடுக்கிறேன். டிரில் மெஷின் மாமா யாரிடமோ இரவல் வாங்கியது, அது திரும்பிப் போய்விட்டது. கட்டையில் பென்சில் கோடு இருக்கிறது. துளை இன்னும் போடவில்லை.